பாட இடம் கொடுத்தல்: தமிழ்த் தேவாலய வழிபாட்டில் பியானோ வாசிப்பு

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் பியானோ வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. மேற்கத்திய இசையில் எட்டாம் நிலைத் தேர்வை முடித்திருந்தேன். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் வாசித்துவிடலாம் என்ற துணிவு இருந்தது. முதல் மாதத்திலேயே ஒரு கீர்த்தனை வந்தது. மெட்டு ஓரளவு தெரியும். வலக்கையில் மெட்டு, இடக்கை நிறையச் சுரக்கூட்டுகள், இடைவெளி விழுந்த இடத்திலெல்லாம் விரல் ஓட்டம் என்று வாசித்து முடித்தேன். வழிபாடு முடிந்ததும் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் பியானோ அருகில் வந்து நின்றார்.

“தம்பி, நல்லாத்தான் வாசிக்கிறே. ஆனா எனக்குப் பாடத்தான் எடமே இல்லப்பா,” என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. சிரித்துக் கொண்டேதான் சொன்னார். ஆனால், அந்தச் சொல்லை முழுமையாக விளங்கிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. வழிபாட்டில் பியானோ வாசிப்பவர் கச்சேரி செய்பவர் அல்லர். மக்கள் பாடுவதற்கு இடம் அமைத்துத் தருபவர். தமிழ்ப் பாட்டுக்கு அந்த இடத்தை அளந்து தருவது தமிழ்மொழியின் அமைப்பே. இதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேவாலயத்தில் வாசிப்போருக்காக எழுதப்பட்டாலும், கோயில் பஜனையில் ஆர்மோனியம் தொடுவோருக்கும், தமிழிசையில் ஆர்வமுள்ள பிறருக்கும் இதில் செய்தி உண்டு என நம்புகிறேன்.

1. ஒரே புத்தகப்பையில் இரண்டு மரபுகள்

தமிழ்த் திருச்சபைகளின் பாட்டு மரபு இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. முதலாவது, ஞானப்பாட்டு அல்லது பாமாலை எனப்படும் மொழிபெயர்ப்புப் பாடல்கள். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்க், புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியர் டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்கள் தொடங்கிய பணியில் ஜெர்மானியத் திருப்பாடல்கள் தமிழாக்கப்பட்டு, மூல மெட்டிலேயே பாடப்பட்டன. பின்னர் வந்த பப்ரிசியுஸ் (1711–1791) இப்பணியைச் செம்மைப்படுத்தினார். ஆங்கிலப் பாடல்களின் தமிழாக்கங்களும் பின்னாளில் இவற்றோடு சேர்ந்தன.

இரண்டாவது, கீர்த்தனை மரபு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் இராகமும் தாளமும் அமைத்து, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுக்கோப்பில் தமிழிலேயே இயற்றிய பாடல்கள் இவை. சாஸ்திரியார் வாழ்ந்த காலம் கருநாடக இசையின் மும்மூர்த்திகள் வாழ்ந்த காலத்தை ஒட்டியது என்பது நினைவுகூரத்தக்கது.

தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தமிழரும், இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்த யாழ்ப்பாணத் தமிழரும் இவ்விரண்டையும் மலாயாவுக்குக் கொண்டுவந்தனர். சிங்கப்பூரில் மெதடிஸ்ட் திருப்பணி 1885இல் தொடங்கியது. அங்குள்ள ஓஃபீர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்ட லூர்து அன்னை தேவாலயம் 1888இல் நிறைவுற்றது. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிதிறந்தது. அதன் பின்னரே திருப்பலியில் தமிழ்ப் பாட்டு முழு உரிமையோடு ஒலிக்கத் தொடங்கியது.

ஆக, நம் ஊர்த் தமிழ் வழிபாட்டில் பியானோ முன் அமர்பவர் ஒரே காலைப்பொழுதில் இரு இசை இலக்கணங்களைக் கையாள வேண்டியிருக்கிறது. இசை வகுப்புகளோ பெரும்பாலும் ஒன்றைத்தான் கற்றுத் தருகின்றன. இதனால் விளைவது என்ன? ஞாயிறு வழிபாட்டுக்குப் பாட்டுத் தெரிவு செய்யும்போது, “இது பியானோவுக்கு வராது, வேறு போடுவோம்,” என்று ஒரு கீர்த்தனை ஒதுக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு இன்னொன்று. வாசிப்பவருக்குத் தெரியாத பாட்டு மெல்ல மெல்லச் சபைக்கும் தெரியாமற் போகிறது. ஒருவருடைய பயிற்சிக் குறைவால் ஒரு பாட்டு மறைவது வருந்தத்தக்கது.

2. பியானோவின் இயல்பை அறிதல்

பியானோ, 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் உருவாக்கிய கருவி. சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுவதால் ஒலி பிறக்கிறது. தட்டிய நொடியிலிருந்தே அந்த ஒலி தேயத் தொடங்கிவிடும். ஆர்கனில் அப்படியில்லை, கட்டையை அழுத்தியிருக்கும் வரை ஒலி குறையாது நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வழிபாட்டுப் பியானோவின் பாடங்கள் தொடங்குகின்றன.

மேற்கத்திய பாடற்புத்தகங்களில் உள்ள நான்கு குரல் அமைப்பு, சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் ஆகிய மனிதக் குரல்களை எண்ணி எழுதப்பட்டது. அதை அப்படியே பியானோவில் வாசித்தால், நீண்ட சுரங்களில் ஒலி தேய்ந்து, சபையார் பிடித்து நிற்பதற்கு ஒன்றும் இல்லாமற் போகும். எனவே, நீண்ட சுரம் வரும் இடத்தில் இடக்கையால் அதே சுரத்தை அடுத்த தாளத்தில் மென்மையாக மீண்டும் தட்ட வேண்டும். பாஸ் சுரத்தை ஒரு ஸ்தாயி கீழும் சேர்த்து வாசித்தால் பெரிய மண்டபத்தில் ஆதாரம் கிடைக்கும். பெடலை ஒவ்வொரு சுரக்கூட்டு மாறும்போதும் எடுத்து மீண்டும் மிதிக்க வேண்டும். சிமெண்டுத் தரையும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய தேவாலயங்களில் எதிரொலியே போதிய பெடலாகிவிடும். அங்கே காலைச் சற்று ஓய்வாக வைத்திருப்பது நன்று.

அடுத்தது காலப்பிரமாணம். சபையார் எப்போதும் பியானோவுக்குச் சற்றுப் பின்தங்கியே பாடுவர். ஒலி கேட்டு, மூச்செடுத்து, வாய் திறக்க நேரம் ஆகிறது. வாசிப்பவர் அவர்களுக்காகக் காத்திருந்தால், அவர்கள் வாசிப்பவருக்காகக் காத்திருப்பர். இருவரும் மாறி மாறிக் காத்து, நான்காம் சரணம் முதற் சரணத்தைவிட நெடுநேரம் இழுபடும். இதற்கு மருந்து விரைவு அன்று, சீர்மை. முன்னிசையில் எந்த வேகத்தைக் காட்டினோமோ அதையே இறுதிவரை காக்க வேண்டும். ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் இடையிலான ஓய்வும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த ஓய்வுதான் சபையாருக்கு “இப்போது மூச்செடுங்கள்” என்று சொல்லும் சைகை.

சுருதித் தேர்வும் முக்கியம். காலை எட்டு மணிக்குக் குரல் இன்னும் திறந்திருக்காது. நடு ‘சி’க்குச் சற்றுக் கீழிருந்து அதற்கு மேல் ஸ்தாயியில் உள்ள ‘டி’ வரையிலான எல்லைக்குள் மெட்டு அடங்கினால் ஆண், பெண், முதியோர், சிறுவர் அனைவரும் பாட முடியும். புத்தகத்தில் அச்சிட்ட சுருதி உயரமாக இருந்தால் இறக்கி வாசிப்பதில் தவறில்லை. மின்விசைப்பலகையில் சுருதி மாற்றும் பொத்தான் இதற்கு உதவும். பாட்டு முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்தவர்களின் துயரக் கதைகள் எல்லாச் சபைகளிலும் உண்டு!

3. ஞானப்பாட்டு: முதலில் சொல்லைப் படி

மொழிபெயர்ப்புப் பாடலை வாசிப்பது எளிது என்று நாம் எண்ணுகிறோம். இசைக்குறியீடு முன்னால் இருக்கிறது. பார்த்து வாசித்தால் போதும். ஆனால், அந்த மெட்டு வேறொரு மொழிக்காகப் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறோம். மூன்று இடங்களில் மெட்டும் தமிழும் முட்டிக்கொள்ளும்.

அ) குறிலும் நெடிலும்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். ஆங்கிலப் பாடல்களை அசையெண்ணிக்கையால் அளப்பர். 8.6.8.6 என்பது அவ்வகை அளவுகளுள் ஒன்று. அந்த எட்டையும் ஆறையும் நிரப்பும்போது தமிழ் எழுத்துகள் தனித்தனிச் சுரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. ‘வரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் யாப்பில் இது குறிலிணை ஒற்றடுத்து வந்த ஒரே நிரையசை. ‘வ’ என்னும் குறில் இங்கே தனித்து அசையாகாது. மேற்கத்திய மெட்டிலோ ‘வ’ ஒரு சுரத்திலும் ‘ரம்’ இன்னொரு சுரத்திலும் அமரும். ‘வ’ அமர்ந்த சுரம் நீண்டதாக இருந்துவிட்டால், ‘வரம்’ ‘வாரம்’ ஆகிவிடுகிறது. ‘மனம்’ ‘மானம்’ ஆகும். இறைவனின் ‘கரம்’ ‘காரம்’ ஆனால் மதிய உணவுதான் நினைவுக்கு வரும்.

வாசிப்பவர் மெட்டை மாற்ற முடியாது, வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டின் முதற் சரணத்தை மெட்டில்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு மெட்டோடு பாடிப் பாருங்கள். ‘வரம்’ ‘வரம்’ ஆகவே கேட்கும் வேகம் எதுவோ, அதுவே அப்பாட்டுக்கு உரிய வேகம். மிக மெதுவாக வாசிப்பதுதான் பக்தி என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. தமிழில் மெதுவாக வாசிப்பது பல இடங்களில் பொருளையே மாற்றிவிடும்.

இலக்கணமே இன்னொரு வழியையும் காட்டுகிறது. செய்யுளில் ஓசை குறையும்போது அளபெடுக்கும் எழுத்துகளில் ஒற்றும் உண்டு. ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள் ஆகிய மெய்கள் ஒற்றளபெடை பெறும் என்பர். ‘ரம்’ என்பதன் சுரம் நீளுமானால், உயிரை இழுக்காமல் ‘ம்’ என்னும் மெய்யில் நின்று ரீங்கரிக்கலாம். பழைய பாடகர்கள் இதை இலக்கணம் தெரியாமலே செய்தார்கள். அந்த இடத்தில் பியானோ அடுத்த சுரக்கூட்டை முந்திக்கொண்டு தட்டாமல், தன் ஒலி தேய்வதற்கு விட்டுவிட வேண்டும். கருவியின் தேய்வும் ‘ம்’ என்னும் ஒலியும் ஒன்றோடொன்று இயைந்துவிடும். பியானோவின் குறை இங்கே நிறையாகிறது.

ஆ) எடுப்பு விழும் இடம்

தமிழில் ஆங்கிலத்தைப் போல வலுவான அசையழுத்தம் இல்லை. எனினும், சொல்லின் முதலெழுத்தே பெரும்பாலும் எடுப்பாக ஒலிக்கும். மோனையும் முதலெழுத்தில்தான் அமைகிறது. ஆங்கில மெட்டுகளில் பல, தாளத்தின் முதல் அடிக்கு முன்பே ஒரு மெலிந்த சுரத்தில் தொடங்குகின்றன. ‘அமேஸிங் கிரேஸ்’ பாடலின் மெட்டு அத்தகையது. ஜான் நியூட்டன் எழுதி 1779இல் வெளிவந்த அப்பாடல், இன்று உலகம் அறிந்த மெட்டோடு 1835இல்தான் இணைக்கப்பட்டது. இதுபோன்ற மெட்டில் ‘அருளால்’ என்ற சொல் அமைந்தால், ‘அ’ மெலிந்த சுரத்திலும் ‘ரு’ வலிந்த சுரத்திலும் விழும். பியானோ அந்த வலிந்த சுரத்தை ஓங்கித் தட்டினால் ‘அ’ காணாமற் போய் ‘ருளால்’ என்றே கேட்கும். இத்தகைய பாடல்களில் தொடக்கச் சுரத்தைத் தெளிவாகவும், அடுத்த சுரத்தை அழுத்தமின்றியும் வாசிக்க வேண்டும்.

மாறாக, 1818இல் ஆஸ்திரியாவில் முதன்முதலாகப் பாடப்பட்ட ‘சைலண்ட் நைட்’ தாளத்தின் முதல் அடியிலேயே தொடங்குகிறது. தமிழ்ச் சொல்லின் முதலெழுத்து அங்கே இயல்பாகப் போய் அமர்ந்துகொள்ளும். எந்த மெட்டு எவ்வகை என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இ) வினைமுற்று வரும்வரை

ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. விளக்கத்துக்காக நானே அமைத்த வரிகளைப் பாருங்கள்:

நாள்முழுதும் உழைத்துச் சோர்ந்த
நெஞ்சினுக்கு ஆறுதலை
நள்ளிரவில் அருகில் வந்து
நல்கினீர்.

முதல் வரி பெயரெச்சத்தில் முடிகிறது, இரண்டாவது இரண்டாம் வேற்றுமையில், மூன்றாவது வினையெச்சத்தில். மூன்றும் அடுத்த சொல்லை எதிர்நோக்கி நிற்பவை. ஒவ்வொரு வரி முடிவிலும் பியானோ கையைத் தூக்கி ‘முடிந்தது’ என்பதுபோல் நிறுத்தினால், வாக்கியம் நான்கு துண்டாகிவிடும். மூச்செடுக்க நேரம் தர வேண்டும். ஆனால், இடக்கையின் பாஸ் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கட்டும். ‘நல்கினீர்’ என்ற சொல்லில்தான் ஒலி முழுமை பெற வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே, பொருள் உணர்ந்து வாசிக்கிறார் என்று சபையார் உணர்ந்துகொள்வர். இதற்குத் தேவைப்படுவது விரல் வேகம் அன்று. தமிழ் படிக்கத் தெரிவது.

4. கீர்த்தனை: எதை வாசிக்காமல் விடுவது?

கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் மேலேயே இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். வாசிக்க அமர்பவர்களில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் அளவுகோலை ஒத்தது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு நொட்டுஸ்வர சாகித்தியங்கள் அமைத்தபோது இந்த இராகத்திலேயே அமைத்தார். எனவே, இவ்விராகக் கீர்த்தனைகளுக்குப் பழகிய சுரக்கூட்டுகள் பெரும்பாலும் பொருந்தும். நடபைரவி, கீரவாணி ஆகியவையும் மேற்கத்திய மைனர் வகைகளுக்கு இணையானவை. சிக்கல் மற்ற இராகங்களில்தான்.

மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ‘சி’யை ஷட்ஜமாகக் கொண்டால் அதன் சுரங்கள் சி, டி, இ, ஜி, ஏ ஆகிய ஐந்து மட்டுமே. மத்யமமும் நிஷாதமும் கிடையா. இசை வகுப்பில் நாம் கற்ற மூன்று அடிப்படைச் சுரக்கூட்டுகளைப் பாருங்கள். சி-இ-ஜி பொருந்துகிறது. எஃப்-ஏ-சி என்பதில் எஃப் மத்யமம், இராகத்தில் இல்லாதது. ஜி-பி-டி என்பதில் பி நிஷாதம், அதுவும் இல்லாதது. மூன்றில் இரண்டு கூட்டுகள் அந்நிய சுரத்தைக் கொண்டுவருகின்றன. முன்னுரையில் சொன்ன பாட்டி பாடிய கீர்த்தனை மோகனத்தில் அமைந்ததுதான். அவருக்கு இடமில்லாமற் போனதன் காரணத்தைப் பின்னாளில் இப்படித்தான் கண்டுகொண்டேன்.

அப்படியானால் எதை வாசிப்பது? சி-ஜி என்ற ஷட்ஜ பஞ்சமம் முழுப்பாட்டுக்கும் தாங்கும். ஏ-சி-இ என்ற கூட்டு முழுவதும் இராகத்துக்குள் அடங்கும். ஜி-பி-டி தேவைப்படும் இடத்தில் நடுச்சுரத்தை நீக்கி ஜி-டி மட்டும் வாசிக்கலாம். இந்த மூன்றைக் கொண்டே ஒரு மோகனக் கீர்த்தனைக்கு அழகாகத் துணை வாசிக்க முடியும். ‘அமேஸிங் கிரேஸ்’ மெட்டும் இதே ஐந்து சுரங்களில் அமைந்ததே. அங்கே எஃப் கூட்டும் ஜி கூட்டும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆகவே, இது சரி, அது தவறு என்று சட்டம் பேசுவதற்கில்லை. பாடுபவர் எந்த மரபின் செவியோடு பாடுகிறார் என்பதே கேள்வி. கீர்த்தனை பாடும் பெரியவர் தம் உள்ளத்தில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு பாடுகிறார். நாமும் அதையே தர வேண்டும்.

மாயாமாளவகௌளையில் ஜி-பி-டி கூட்டை வாசித்தால், அதிலுள்ள ‘டி’ இராகத்தின் சுத்த ரிஷபத்தோடு நேராக மோதும். அங்கே ஷட்ஜ பஞ்சமத்தோடு நிற்பதே பாதுகாப்பு. இந்தோளத்தில் பஞ்சமமே இல்லை. ஆகவே, ஷட்ஜமும் மத்யமமும் சேர்ந்த சி-எஃப் ஆதாரமாக வேண்டும். எந்த இராகமாயினும் ‘இதில் இல்லாத சுரங்கள் யாவை?’ என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிப் பிழை நீங்கிவிடும்.

அடுத்தது கமகம். பியானோவின் சுரங்கள் நிலையானவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல இயலாது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தபோது அது நம் கருவியாகவே ஆகிவிட்டது. காரணம், அதில் விரல் வழுக்கும். ஆர்மோனியத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. பியானோவும் அதே வரம்புக்கு உட்பட்டதுதான். தோடியின் காந்தாரம் அசைவில்தான் உயிர் பெறும். அதே சுரத்தைக் கட்டையில் நிலையாகத் தட்டினால், பாடுபவரின் அசைவை அது அறைந்து நிறுத்துவதாகும். எனவே, கமகம் மிகுந்த இடங்களில் வலக்கை மெட்டை விட்டுவிடலாம். வரி தொடங்கும் சுரம், வரி முடியும் சுரம் இரண்டையும் காட்டினால் போதும். நடுவில் உள்ளது குரலின் சொத்து.

தாளத்திலும் கவனம் வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை நான்கு நான்காக எண்ணிப் பழகியவருக்கு எளிது. மிச்ர சாபு ஏழு; ‘தகிட தகதிமி’ என மூன்றும் நான்குமாகப் பிரியும். கண்ட சாபு ஐந்து. ‘தக தகிட’ என இரண்டும் மூன்றுமாக வரும். இவற்றை நான்காக எண்ணினால் சபை ஒரு பக்கமும் பியானோ ஒரு பக்கமும் போகும். மேலும், பல கீர்த்தனைகள் தாளம் விழுந்து அரை இடம் தள்ளி எடுப்பவை. அந்த இடத்தில் இடக்கை தாளத்தைக் காட்டி, வலக்கை வெறுமையாக இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தில்தான் பாட்டுத் தொடங்குகிறது.

சுருதியைப் பொறுத்தவரை பெரியவர்கள் ‘ஒரு கட்டை’, ‘ஒன்றரைக் கட்டை’ என்பார்கள். திகைக்க வேண்டாம். வெள்ளைக் கட்டைகளை ‘சி’யிலிருந்து எண்ணும் முறை இது. ஒரு கட்டை ‘சி’, இரண்டு ‘டி’, ஐந்து ‘ஜி’. ஒன்றரை என்பது ‘சி’க்கும் ‘டி’க்கும் இடையிலுள்ள கறுப்புக் கட்டை. நம் பாடகர்கள் சுருதியைக் குறிக்க வழங்கும் சொல்லே விசைப்பலகையின் கட்டையிலிருந்து வந்தது என்பது பியானோக்காரர்களான நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா?

5. வாசிக்காதிருக்கும் நேரங்கள்

வழிபாட்டு ஒழுங்கில் பியானோவுக்கு உரிய இடங்களும் உண்டு. உரியதல்லாத இடங்களும் உண்டு. வழிபாட்டுக்கு முன்னர் மென்மையான முன்னிசை, காணிக்கை நேரம், திருவிருந்தில் மக்கள் வரிசையாக வரும் நேரம், முடிவில் கலைந்து செல்லும் நேரம் ஆகியவை பொதுவாக வாசிப்புக்கு உரியவை. திருவிருந்து நேரம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, எந்த வரியிலும் நிறுத்தக்கூடிய, எத்தனை முறையும் சுற்றக்கூடிய எளிய மெட்டைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

கத்தோலிக்க வழிபாட்டு விதிப்படி, தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம்; குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே, அக்காலத்தில் கருவியிசை மட்டும் தனித்து ஒலிப்பதில்லை. உயிர்ப்புத் திருவிழிப்பில் மீண்டும் கருவிகள் முழங்கும்போது அந்த மௌனத்தின் அருமை விளங்கும். மற்றச் சபைகளிலும் செபத்தின்போது பின்னணி இசை வேண்டுமா, வேண்டாமா என்பதைப் போதகரிடம் முன்கூட்டியே கேட்டறிவது முறை. மௌனத்தை நிரப்ப வேண்டிய குறையாக எண்ணுவது நம்மைப் போன்ற இளம் வாசிப்பாளர்களின் பழக்கம்.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் ஈரப்பதம் பியானோவுக்குப் பகை. வாரம் முழுதும் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தில் ஞாயிறன்று மட்டும் குளிர்சாதனம் ஓடினால், உள்ளே இருக்கும் ஒலிப்பலகை ஊதியும் சுருங்கியும் சுருதியைக் கலைக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும் சுருதி சேர்ப்பவரை அழைப்பதும், குளிர்க்காற்று நேரே படும் இடத்திலிருந்து பியானோவை நகர்த்துவதும் பெருஞ்செலவில்லாத உதவிகள்.

6. ஒரு வாரப் பயிற்சி

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் பின்பற்றும் முறையைத் தருகிறேன்.

திங்கள்: வரும் ஞாயிறின் பாடல்களை மெட்டில்லாமல் வாய்விட்டுப் படிக்கவும். எச்சங்களையும் வினைமுற்றுகளையும் பென்சிலால் குறிக்கவும்.

செவ்வாய்: நீண்ட சுரத்தில் அமர்ந்துள்ள குறில்களை வட்டமிட்டு, பாட்டின் வேகத்தை முடிவு செய்யவும்.

புதன்: கீர்த்தனையின் இராகத்தில் இல்லாத சுரங்களை எழுதி, பொருந்தும் கூட்டுகளை மட்டும் தெரிவு செய்யவும்.

வியாழன்: தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு பாடவும். இன்னும் பியானோ தொட வேண்டாம்.

வெள்ளி: இடக்கை மட்டும் வாசித்து, மெட்டை வாயால் பாடவும். பாட முடியாத அளவுக்கு இடக்கை நிறைந்திருந்தால் குறைக்கவும்.

சனி: இரு கைகளாலும் வாசித்து, சபையின் மூத்தவர் ஒருவரைப் பாடச் சொல்லிக் கேட்கவும்.

கடைசிப் பயிற்சியே முதன்மையானது. ஒரே கீர்த்தனைக்குச் சபைதோறும் மெட்டு சற்று வேறுபடும். புத்தகத்தில் அச்சிட்ட இராகத்திலிருந்து பாடும் மெட்டு விலகியிருப்பதும் உண்டு. அங்கே மூத்தவர் குரலே நமக்கு மூலப்படி.

முடிவுரை

அந்தப் பாட்டியிடம் நான் பின்னர் ஓராண்டுக் காலம் சனிக்கிழமைகளில் சென்று கேட்டேன். அவர் பாட, நான் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, வீட்டில் வரிகளுக்குக் கீழே ச ரி க ம என எழுதிக்கொள்வேன். நோட்டுப் புத்தகத்தில் இருபத்து மூன்று கீர்த்தனைகள் சேர்ந்தன. “இது எங்கம்மா பாடுவாங்க. தோட்டத்துல அப்ப பியானோவும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்று ஒருமுறை சொன்னார். அவர் இப்போது இல்லை. இருபத்து மூன்றில் மூன்றை எங்கள் சபையில் எடுத்துக் கொடுத்துப் பாட இன்று எவரும் இல்லை. நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கிறது. மற்ற இருபதையும் பாடுகிறோம்; அவற்றுள் சிலவற்றுக்கு நான் இடக்கையில் இரண்டே சுரங்களை வாசிக்கிறேன்.

நம் பேரவையில் பியானோ கற்றவர்கள் பலர் உள்ளனர். தமிழ் இலக்கணம் கற்றவர்களும் உள்ளனர். இரண்டும் ஒருவரிடத்தில் சேரும்போது ஒரு பாட்டு இன்னொரு தலைமுறைக்குக் கடந்து செல்ல வழி பிறக்கிறது. தேவாலயமாயினும் கோயிலாயினும், உங்கள் வழிபாட்டில் மனப்பாடமாகப் பாடும் முதியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் இசைவு பெற்று, அமர்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர் பாடும்போது, அவருக்குப் பாட இடம் விட்டு வாசியுங்கள்.